கதவுக்குப் பின்னால் முப்பத்தோரு இஞ்ச்

முப்பத்தொன்று என்று எழுதினது நான்தான். என் கை, என் பென்சில். அந்தத் தாள் இப்போது என் துணிப்பைக்குள் செபமாலைக்குப் பக்கத்தில் நாலாக மடிந்து கிடக்கிறது. மணி உருட்டுகிற விரல் அடிக்கடி போய் அதில் இடிக்கிறது. பங்குக்கோயில் காலண்டரில் கிழித்த போன மாதத்துத் தாள். முன்பக்கம் எந்த நாள் எந்தப் புனிதருக்கு என்று அச்சடித்திருக்கிறது, பின்பக்கம் என் எழுத்தில் அந்த எண். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, ஆனாலும் எண்களை நான் முத்து மாதிரி போடுவேன் என்று கணக்கு டீச்சர் சொல்வார்கள். இன்றைக்குத் திங்கட்கிழமை, செபமாலையில் சந்தோஷ தேவ இரகசியங்கள் சொல்ல வேண்டிய நாள். முதல் இரகசியத்தின் நாலாவது மணியிலேயே நிற்கிறேன், கடைக்குள் வந்து அரைமணி நேரமாகிறது. "அடைக்கலம், இதைப் பாரேன்" என்கிறார் இவர், என் வீட்டுக்காரர். பார்க்கிறேன். ஹார்டுவேர் கடைக்கென்று ஒரு வாசனை, எண்ணெய் தடவின இரும்பு வாசனை, இவர் முப்பத்துநாலு வருஷம் பொன்மலை ரயில்வே வொர்க்‌ஷாப்பிலிருந்து சட்டையில் கொண்டுவந்த அதே வாசனை, ஊறவைத்துத் துவைத்துத் துவைத்து என் உள்ளங்கைக்குள் ஏறின வாசனை. ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். இனி அந்த வாசனை இல்லை என்று நினைத்தேன். இப்போது அதைத் தேடிக்கொண்டு நாங்களே ஆட்டோ பிடித்துப் பாலக்கரைக்கு வந்திருக்கிறோம். குதிரை வாங்க. குதிரை என்றால் நிஜக் குதிரை இல்லை, பலகையை மேலே கிடத்தி ரம்பம் போடுவதற்காக நிற்கிற நாலுகால் தாங்கி. ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே சின்னதாக ஒரு பட்டறை போடப்போகிறார். சின்ன இடம், அதனால் மடக்குகிற குதிரை. அந்தச் சின்ன இடம் என்னுடைய இடம். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"இது ஸ்டீலு சார், யானை ஏறி நின்னாலும் அசையாது" என்று கடைக்காரர் ஒன்றை இழுத்துப் போடுகிறார். தரையில் அது உராய்ந்த சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. இவர் குனிந்து காலை மடக்குகிறார், விரிக்கிறார், மடக்குகிறார், புது பொம்மை கிடைத்த முகம். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனுஷன். குடித்ததில்லை, கை நீட்டினதில்லை, சம்பளக் கவரைப் பிரிக்காமல் என்னிடம் கொடுப்பார். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனுஷனோடு இருந்தால் எதைத்தான் சொல்வது, யாரிடம் சொல்வது. குவார்ட்டர்ஸில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. காலை வொர்க்‌ஷாப் சங்கு ஊதினால் ஓட்டம், மத்தியானச் சங்குக்கு டிபன் கேரியர், சாயங்காலச் சங்குக்கு அடுப்பில் டீத்தண்ணீர். சங்குக்குச் சங்கு நடுவில் பிள்ளைகள். நான் செபம் சொன்னது குளியலறையில். குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறைகிற சத்தத்துக்குள், ஈரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி. வாளி நிறைவதற்குள் செபமாலையில் ஒரு பத்து மணி உருட்டி முடிக்கலாம். முடிப்பதற்குள் கதவு தட்டும். "அம்மா, என் பெல்ட் எங்க?" பெல்ட் எப்போதும் அதே ஆணியில்தான் தொங்கும். இருபத்தாறு வருஷம் அப்படி. யாரிடமும் எனக்கு இடம் வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை, அதைத்தான் இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது. செந்தண்ணீர்புரத்தில் வீடு கட்டும்போது பிளானில் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு விழுந்தது. ஏழடிக்கு ஒன்பதடி, 'ஸ்டோர்' என்று இஞ்சினியர் எழுதியிருந்தார். அதில் ஒரு சிமெண்டு மேடை கட்டி நீல டைல்ஸ் ஒட்டச் சொல்லி மேஸ்திரியிடம் நான் கேட்டேன், இவர் டீ குடிக்கப் போயிருந்தபோது. மேடைமேல் மாதா சுரூபம், பக்கத்தில் சூசையப்பர் படம், கீழே பாய். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள், வெளிப்பக்கம் பூட்டு மாட்டுகிற கொண்டி. அந்த வீட்டில் நான் உள்ளேயிருந்து தாழ் போடுகிற கதவு அது ஒன்றுதான். முதல் நாள் தாழ் போட்டுவிட்டுச் செபம் சொல்லக்கூட இல்லை. பாயில் காலை நீட்டி சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரும் தட்டவில்லை. அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது.

ஸ்டீல் வேண்டாம் என்கிறார் இவர், கனம் அதிகமாம், தரை டைல்ஸ் கீறிவிடுமாம். தரையைப் பற்றி யோசிக்கிறார். போன வாரம் மகன் கில்பர்ட் ஓசூரிலிருந்தும் மகள் ஜெசிந்தா மஸ்கட்டிலிருந்தும் போனில் முகம் காட்டிப் பேசினார்களே, அப்போதும் தரையைப் பற்றிக் கேட்டான் கில்பர்ட். "டைல்ஸ் மேல ரப்பர் ஷீட் போட்டுக்கலாம்ப்பா." இவர் சோபாவில் இருந்தார், நான் கீழே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன், அவர்கள் படத்தில் என் உச்சி வகிடு மட்டும் தெரிந்திருக்கும். "சும்மா உக்காந்திருந்தா அப்பாவுக்குச் சுகர்தான் ஏறும். கைக்கு ஒரு வேலை வேணும்" என்றாள் ஜெசிந்தா, நர்ஸ் அவள், உடம்பைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் கேட்போம். "எடம் எங்கம்மா இருக்கு?" என்றார் இவர். "அந்த ஸ்டோர் ரூம் சும்மாத்தானப்பா கெடக்கு" என்றான் கில்பர்ட். சும்மா. கீரைக்காம்பு ஒன்று என் விரலில் குத்தியது. "அதுல ஒங்கம்மா மாதாவ வெச்சிருக்காடா." "மாதாவ ஹாலுக்குக் கொண்டாந்துடலாம்ப்பா. டிவிக்கு மேல ஒரு தட்டு அடிச்சு சீரியல் லைட் போட்டா, வர்றவங்க போறவங்க எல்லாரும் பாத்துக் கும்பிடுவாங்க." "அம்மாகிட்ட ஒரு வார்த்த கேளுங்க" என்றார் இவர். நியாயமான மனுஷன், சொன்னார். உடனே ஜெசிந்தா சொன்னாள், "அம்மா என்ன சொல்லப்போறாங்க, சரின்னுதான் சொல்லுவாங்க." மூன்று பேரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, பாசமான சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது. பிறகு இவர் என் தோளைத் தட்டி, "மொத வேலையே ஒனக்குத்தான் அடைக்கலம். தேக்குல மாதாவுக்கு ஒரு ஸ்டாண்டு செஞ்சு தர்றேன், பாரு" என்றார். என் அறையை எடுத்து, அதில் குதிரையை நிறுத்தி, அதன்மேல் பலகையை அறுத்து, எனக்கு ஒரு ஸ்டாண்டு. இதற்கு நன்றி வேறு சொன்னேன். சொன்னேனா, சொன்னேன், "ரொம்ப சந்தோசங்க" என்றேன்.

"அளவு என்ன சார் கொண்டாந்திருக்கீங்க?" என்கிறார் கடைக்காரர். இவர் என் பக்கம் கையை நீட்டுகிறார். தாளை எடுத்துக் கொடுக்கிறேன். கொடுக்கும்போது செபமாலையும் சேர்ந்து வந்துவிட்டது, சிலுவை காகித மடிப்பில் மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது, எடுத்துவிட்டேன். நேற்றுப் பூசை முடிந்து வந்ததும் அளந்தார். அவருடைய இரும்பு டேப் துருவேறி இழுத்தால் வராது, "ஒன் தையல் டேப்பக் குடு" என்றார். கொடுத்தேன். அந்த டேப்பின் முனையில் தகரம் கழன்று, நூல் பிசிர் பிசிராக வந்து, நாலைந்து வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் இஞ்ச் கோட்டில் கத்தரியால் நேராக வெட்டிவிட்டேன். அது இரண்டில்தான் தொடங்கும். எதை அளந்தாலும் வருகிறதில் இரண்டைக் கழித்துக்கொள்வேன், எனக்குக் கை பழகிவிட்டது, ஜாக்கெட் ஒன்றுகூடத் தப்பினதில்லை. என் டேப்பை வேறு யாரும் தொட்டதில்லை, அதனால் யாருக்கும் தெரியாது. இவர் வெட்டின முனையை மேடையோரத்தில் வைத்து அழுத்தினார், மறுமுனையைக் கதவுப்பக்கத்துச் சுவர்வரை இழுத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "முப்பத்தொண்ணு. எழுதிக்க." மயிரிழை பிசகினாலும் கண்ணிலேயே தெரியும் என்று முப்பத்துநாலு வருஷம் சொன்ன மனுஷன். டேப் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கவில்லை. அவர் எதையுமே முடிகிற பக்கம்தான் பார்ப்பார். பென்சில் முனை காகிதத்தில் நின்றது. ஒரு மூச்சு நேரம். 'என்னங்க, ரெண்டு இஞ்ச் கழிச்சுக்குங்க' என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. "என்ன, எழுதினியா?" "எழுதிட்டேங்க." முப்பத்தொன்று. இருபத்தொன்பதுதான் அங்கே இருக்கிறது. மேடைக்கும் சுவருக்கும் நடுவில், கதவுக்குப் பின்னால், குதிரையை மடக்கி நிறுத்தப்போகிற இடம். வேறு எங்கேயும் நிறுத்த முடியாது, மற்ற சுவரெல்லாம் மேசையும் அலமாரியும் வரப்போகிறது என்று படமே வரைந்து வைத்திருக்கிறார். முப்பது இஞ்ச் குதிரை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்து, அது அடங்காமல், கதவு சாத்தாமல், இவர் எரிச்சல் பட்டு, அப்போது நான் மெல்ல, மொட்டைமாடியில் ஒரு ஷெட்டு போட்டுக்கொண்டால் காற்றோட்டமாக இருக்குமே என்று. இவ்வளவுதான் என் திட்டம். ராத்திரி பூராவும் யோசித்துச் செய்தது என்றால் பாவம் பெரிது, ஒரு மூச்சு நேரத்தில் வந்தது. ஆனால் அந்த ஒரு மூச்சுக்கு என்னிடம் எல்லாம் தயாராக இருந்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

நாலாவது மணி. சொல்லத் தொடங்கி பாதியில் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை, மறுபடி முதலிலிருந்து. கடைக்காரர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவருகிறார். குலுக்கினால் கலகலவென்கிறது. "குதிரையே வேண்டாம் சார். இந்தக் கிளாம்ப் நாலு போதும். ரீப்பர் கட்டைய நீங்களே அறுத்து இதுல சொருகினா குதிரை. வேலை முடிஞ்சதும் கழட்டிப் பையில போட்டு ஆணியில மாட்டிடலாம். எடமே வேண்டாம்." இவர் கண் விரிகிறது. இடமே வேண்டாம் என்றால் என் இரண்டு இஞ்சுக்கு வேலை இல்லை. நான் பொய்யும் சொல்லி, இடமும் போய், பாவசங்கீர்த்தனத்தில் முழங்கால் போட்டு எதைச் சொல்வேன். சாமி, ஒரு எண்ணைத் தப்பாக எழுதினேன். ஏம்மா எழுதினீங்க. அறைக்காக சாமி. எந்த அறை. சொன்னால் சாமியார் சிரிப்பார், மாதா எங்கிருந்தாலும் மாதாதானே அம்மா என்பார். உண்மைதான், மாதா எங்கிருந்தாலும் மாதாதான். நான் எங்கிருந்தாலும் நானா என்று அவரிடம் கேட்க முடியாது. "நல்லா இருக்கே இது" என்று இவர் கிளாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அப்போது என் குரல் கேட்டது. "தெனம் தெனம் கழட்டி மாட்டணும்னா ஒங்க வெரலுக்கு ஆகுமாங்க?" இவருக்கு வலது கையில் இரண்டு விரல் காலையில் மடங்காது, வெந்நீரில் வைத்து நான்தான் நீவிவிடுவேன். இவர் நின்றார். விரலைப் பார்த்துக்கொண்டார். "அம்மா சொல்றதும் சரிதான் சார்" என்றார் கடைக்காரர், "திருகு கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்." "அதோ அந்த மஞ்சக் கலரு, அது லேசா இருக்கும்போல" என்றேன் நான். கை நீட்டிக்கூடக் காட்டினேன். கடைக்காரர் ஓடிப்போய் இறக்கினார். இவர் தூக்கிப் பார்த்தார், ஒற்றைக் கையால் தூக்க முடிந்தது. "அட, எங்க வீட்டம்மாவுக்கு வெவரம் தெரியுது" என்று கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். முப்பத்தெட்டு வருஷத்தில் நான் சொல்லி ஒரு சாமான் அலமாரியிலிருந்து இறங்கியது இதுதான் முதல். எவ்வளவு சுலபம். இவ்வளவு சுலபம் என்று தெரியாமல் போயிற்றே. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எழும்பி, எழும்பின வேகத்திலேயே புளித்துப் போயிற்று. உண்மையைச் சொல்லியிருந்தாலும் இறக்கியிருப்பாரா? அவர் விரலுக்காகச் சொன்னதால்தானே கேட்டார். என் வார்த்தையில் அவருடைய விரல் இருந்தது, நான் எங்கே இருந்தேன்.

"மடக்கினா எவ்வளவு வரும்?" என்கிறார் இவர். கடைக்காரர் பளபளவென்று ஒரு டேப்பை இடுப்பிலிருந்து எடுத்து இழுக்கிறார், அதன் முனையில் தகரக் கொக்கி இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது, நான் பார்த்துவிட்டேன், என் கண் அங்கேதான் போயிற்று. "முப்பதரை சார். நெட்டுக்குத்தா நிறுத்தினா முப்பத்திரண்டு, அப்படி வேண்டாம், படுக்கையா வைங்க. ஒங்க எடம் முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. அரை இஞ்ச் மிச்சம். அளவெடுத்துத் தச்ச மாதிரி." தச்ச மாதிரி. காது மடல் சூடாகிறது. "வித்த சாமானத் திருப்பி எடுக்கறதில்ல சார், அதான் நல்லாக் கேட்டுக்கறேன். அளவு கரெக்டுதானே?" இவர் என்னைக் காட்டினார். "நான் அளந்தேன், இவ எழுதினா. இவ எழுத்து தப்பாது." அந்தக் கதவுக்குப் பின்னால் அதே சுவரில் வேறு எழுத்தும் இருக்கிறது, இவருக்குத் தெரியாது. பென்சில் கோடுகள். ஜெசிந்தாவின் மகள் ஷெரினுடைய உயரம். எட்டு மாதக் குழந்தையாக அவளை என் மடியில் விட்டுவிட்டுப் போனாள் ஜெசிந்தா, வேலை கிடைத்திருக்கிறது, அம்மா பாத்துக்குவாங்க என்று. என்னிடம் கேட்டது ஏர்போர்ட்டுக்குப் போக டாக்சி வந்த பிறகு. பார்த்துக்கொண்டேன். நாலு வருஷம் அந்தக் குழந்தை என் அறையில் என் பாயில்தான் தூங்கிற்று. மாதம் ஒரு தடவை கதவுக்குப் பின்னால் நிறுத்தி அந்த டேப்பால் அளப்பேன், கோடு போட்டு எண் எழுதுவேன். அவளுக்கு மட்டும் இரண்டைக் கழிக்க மாட்டேன். "நான் பெரிசாயிட்டேனா அம்மாச்சி?" "ஆயிட்டடி ராசாத்தி." அப்போதே பொய் எழுதிப் பழகியிருக்கிறேன். பிறகு ஒரு வாரம் முன்னால் சொல்லிவிட்டு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், அங்கே நல்ல ஸ்கூலாம். குழந்தை போன அன்றைக்கு என் கை காலியாக இருந்தது, எதையாவது தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும்போல் அரிசி டின்னைத் தூக்கித் தூக்கி வைத்தேன். "ஒங்களுக்கும் ரெஸ்ட்டாச்சும்மா" என்று ஜெசிந்தா போனில் சொன்னாள். சரி என்றேன். எல்லாச் சரியையும் ஒரு பக்கமாக அடுக்கிவைத்தால் ஒரு ஆள் உயரம் வரும். அந்தக் கோடுகளுக்கு முன்னால்தான் மஞ்சள் குதிரை நிற்கப்போகிறது. நிற்காது. அடங்காது. ஒன்றரை இஞ்ச் அடங்காது. எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும், அந்த ஒன்றரை இஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நான் இங்கே நின்றுகொண்டிருக்கிறேன்.

"அரை இஞ்ச்தானே மிச்சம், கதவு இடிக்காதா சார்?" என்றார் கடைக்காரர், தொழில் தெரிந்தவர், கயிறு எடுத்துக் கட்டத் தொடங்கியபடியே. இவர் சிரித்தார். "இடிச்சா என்ன? அங்க ஒரு சிமெண்டு மேடை இருக்கு, அத எடுத்துட்டா இன்னும் ஒண்ணே முக்கா அடி வந்துடும். மேஸ்திரிகிட்டச் சொல்லியாச்சு, சனிக்கிழமை வர்றான். ரெண்டு மணி நேர வேலை." கயிறு கிறீச்சென்று இறுகியது. நான் கேட்டது சரிதானா என்று யோசித்தேன். மேடை. எந்த மேடை. வேறு மேடை எங்கே இருக்கிறது. "மேடையையா?" என்றேன். "ஒனக்குச் சொல்லலையா? ஜெசிந்தாகிட்டச் சொன்னேனே, அவ ஒன்கிட்டச் சொல்லியிருப்பான்னு நெனச்சேன். மாதாதான் ஹாலுக்கு வந்துடறாளே, அப்புறம் அந்த மேடை என்னத்துக்கு?" குரலில் ஒரு வஞ்சகமும் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிற மாதிரி ஒரு குரல். அப்படியானால் இரண்டு இஞ்ச் என்பது ஒன்றுமில்லை. நேற்றிலிருந்து நான் ராத்திரி தூங்காமல், பூசையில் நன்மை அப்பம் வாங்கின நாக்கு ஈரம் காய்வதற்குள் செய்த பாவம் என்று நெஞ்சைப் பிசைந்துகொண்டு, நாலாவது மணியைத் தாண்ட முடியாமல் நின்றது, ஒரு அடியில் உடைத்துக் கூடையில் அள்ளிப்போடுகிற இரண்டு இஞ்ச். நீல டைல்ஸ் உடைகிற சத்தம் எனக்கு இப்போதே கேட்கிறது. பொய் சொல்லிக்கூட ஒன்றும் ஆகவில்லை. நான் சொல்கிற பொய்க்கும் என் உண்மைக்கும் இந்த வீட்டில் ஒரே எடைதான்.

அப்போதுதான் மணி அடித்தது. பாலக்கரைக் கோயிலில் மத்தியான மணி. இவர் எங்கே இருந்தாலும் பன்னிரண்டு மணிச் செபத்தை விட மாட்டார், வொர்க்‌ஷாப்பில் ரம்பத்தை நிறுத்திவிட்டுச் சொல்வாராம், கூட்டாளிகள் சாமியார் என்றே கூப்பிடுவார்களாம். செருப்பைக் கழற்றினார், சிலுவை போட்டார், கடைக்குள்ளேயே தொடங்கினார். கடைக்காரர் கயிற்றை விட்டுவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றார். இந்தச் செபத்தில் முதல் பாதியை இவர் சொல்ல வேண்டும், மறுபாதியை நான். கலியாணமான மறுநாளிலிருந்து அப்படித்தான். முதல் பங்கு முடிந்தது, என் பங்கை நான் சொன்னேன், வாய் தானாகச் சொல்லிற்று. கடவுளின் தூதரான சம்மனசு வந்து, நீ ஆண்டவருக்குத் தாயாவாய் என்று மாதாவிடம் செய்தி சொன்ன இடம். நான் காலையிலிருந்து நிற்கிற இடமும் அதுதான், சந்தோஷ தேவ இரகசியம் ஒன்று. அடுத்தது மாதா பதில் சொல்கிற இடம். அவர் தன் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். சம்மதம் என்கிற பாதி என்னுடையது. எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன், ஆனால் இன்றைக்குத்தான் அந்த நடு இடம் கண்ணில் பட்டது. செய்தி சொன்ன பிறகு சம்மனசு நின்றது. பதிலுக்காக நின்றது. ஒரு ஏழைப்பெண், பதினைந்து பதினாறு வயது இருக்கும், அவள் வாயைப் பார்த்துக்கொண்டு வானத்துச் சம்மனசு நின்றது. ஆண்டவரே ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். அவள் என்ன சொல்லப்போகிறாள், சரி என்றுதான் சொல்லுவாள் என்று அவர் விடவில்லை. இத்தனை வருஷம் நான் சொன்ன சரியை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை, நானாகக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன். கோயில் மணி மூன்று மூன்றாக அடித்து ஓய்ந்தது. இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "என்ன, மறந்துட்டியா?" "இல்லீங்க" என்றேன், "ஞாபகம் இருக்கு." ஞாபகம் இருக்கிறது, சொல்லவில்லை. அவர் கொஞ்சம் காத்தார், பிறகு என் பாதியையும் அவரே முணுமுணுத்துவிட்டு, மிச்சத்தையும் முடித்து, சிலுவை போட்டார். "வெயில் அவளுக்கு ஒத்துக்கல, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார் கடைக்காரரிடம். தண்ணீர் வந்தது, குடித்தேன். தாகமாகத்தான் இருந்தது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்காரரைப் பார்த்து, "ஒரு பூட்டு குடுங்க" என்றேன். "என்ன பூட்டும்மா?" "அறைக் கதவுக்கு. வெளிக்கொண்டியில மாட்டுற மாதிரி. நல்லதா." இவர் இரண்டு கையிலும் இரண்டு மஞ்சள் குதிரையைத் தூக்கிக்கொண்டு வாசல் படியில் நின்றவர் திரும்பினார். "எந்த அறைக்கு?" "என் அறைக்குங்க." இவருடைய வாய் கொஞ்சம் திறந்தது. கோபம் இல்லை. அவருக்குக் கோபம் வராது, வருத்தம்தான் வரும். வருத்தம் ஓசூருக்குப் போகும், மஸ்கட்டுக்குப் போகும், ராத்திரிக்குள் இரண்டு பேரும் போனில் அழுவார்கள், அம்மாவுக்கு என்ன ஆச்சு, அம்மா இப்படி இல்லையே. ஆமாம், இல்லை. "மேஸ்திரிய வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றேன், "அப்புறம், என் டேப்புல மொத ரெண்டு இஞ்ச் கெடையாது. நீங்க மொனையப் பாக்கல. அங்க இருக்கிறது இருபத்தொம்பதுதான். தெரிஞ்சேதான் எழுதினேன்." கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், சாமான் திரும்பி வந்துவிடுமோ என்று அவருக்குக் கவலை. இவர் குதிரையைக் கீழே வைக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. கடைக்காரர் ஒரு பித்தளைப் பூட்டை என் கையில் வைத்தார். நல்ல கனம். "இதுக்கு ரெண்டு சாவி வரும்மா" என்றார். வளையத்திலிருந்து ஒன்றைக் கழற்றினேன், நகம் வலித்தது, செபமாலையில் சிலுவைக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டேன். மற்றதைக் கடைக்காரர் மேசைமேல் அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

"ஒண்ணு போதும். இத நீங்களே வெச்சுக்குங்க."